பார்வையில் கண்ட புலமை

அமெரிக்காவில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகம் தொழில்சார் எழுத்துக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு நடத்துகிறது. படிப்பவருக்குப் புரியும்படி எழுத, கட்டணம் கட்டிக் கற்கிறார்கள். போதாதென்று, அரசு அலுவலகங்கள் எளிய நடையில் எழுத வேண்டும் என்று 2010-இல் சட்டமே போட்டார்கள். பாவம், பிறவி ஞானம் இல்லாதவர்கள்.

மதுரைக்கு அந்த நிலை வரவில்லை. 1966-இல் தொடங்கிய நம் பல்கலைக்கழகம் 1971 முதல் அஞ்சல்வழியிலேயே பாடம் அனுப்பிப் பட்டம் கொடுத்தது. ஆனாலும் கடிதம் எழுதுவதற்கென்று ஒரு முதுகலை தொடங்கும் அற்பத்தனத்துக்கு இடம் கொடுக்கவில்லை. சாசரையும் தொல்காப்பியத்தையும் கரைத்துக் குடிக்கும் பிள்ளையிடம் போய் ஒரு குறிப்பாணை எழுதச் சொல்வது மரியாதையா? எப்போதாவது ‘திறன் மேம்பாடு’ என்று ஒரு தாள் எட்டிப் பார்க்கும். அதையும் மனப்பாடம் செய்தே தேறிவிடும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு உண்டு.

உண்மையான மேற்படிப்பு வேலை கிடைத்த பிறகுதான். இளநிலை உதவியாளர் பவானிசாகர் போய்ப் பயிற்சி பெறுவார். டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்காரர் பெயரால் வழங்கும் கோப்பு முறை, தன் பதிவேடு, ந.க.எண் எல்லாம் அத்துப்படியாகும். திரும்பி வந்ததும் மூத்தவர் ஒரே வரியில் முனைவர் பட்டமே கொடுத்துவிடுவார்: “பழைய கோப்பைப் பாத்து அப்படியே போடுங்க தம்பி.”

அப்படிப் போட்டதன் அழகைப் பாருங்கள். கண்மாய் மடை எப்போது சரியாகும் என்று மேலூர்ப் பக்கத்து விவசாயி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் வரும்: “பார்வை 1-இல் காணும் மனுவின் மீது, பார்வை 2-இல் காணும் கடிதத்தின்படி, உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வரும் விவரம் மனுதாரருக்கு இதன்வழி தெரிவிக்கப்படுகிறது.” யார் செய்வார், எந்தத் தேதியில் செய்வார் என்ற சில்லறை விவரம் ஒன்றும் உள்ளே நுழையவில்லை. எந்த மனிதர் மேலும் பழி விழாமல் இவ்வளவு நீளம் எழுத எத்தனை பெருந்தன்மை வேண்டும்! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாளில் பதில் தரச் சொல்கிறது. பதில்தானே, தாராளமாகத் தரலாம்.

இங்கிலீஷில் இருந்தால் ஜனங்களுக்கு விளங்காது என்றுதான் 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டம் இயற்றினார்கள். மொழியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். தமிழிலும் விளங்காமல் எழுத முடியும் என்று நிலைநாட்டிய பெருமை நம்முடையது.

இந்தப் பரம்பரையில் ஒட்டாதவர்கள் ஒரு சிலர்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகப் பக்கம் போனால், அட்டையை மடியில் வைத்து மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்குப் பார்வை ஒன்றும் தெரியாது, இரண்டும் தெரியாது. “யாருக்குப் போகணும்? என்ன வேணும்? சர்வே நம்பர் என்ன? போன மனு என்னிக்குக் குடுத்தீக?” என்று நாட்டுப்புறத்தனமாகக் கேட்பார்கள். ஒரே பக்கத்தில் முடித்து, கடைசி வரியில் கேட்டதையே மறுபடி கேட்டிருப்பார்கள். படித்தவுடன் புரிந்துவிடும். இதையெல்லாம் எப்படிப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது? இதற்கு நெட் தேர்வு உண்டா, ஆய்விதழ் உண்டா?

அவர்களுக்குப் பல்கலைக்கழகம் எதுவுமே செய்யவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. வாரிசுச் சான்றுக்கு மனு எழுதி வாங்க வரிசையில் நிற்கும் எம்.ஏ.க்களை ஆண்டுதோறும் பட்டமளித்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.