கால் மணிக் கணக்கர்

துனிஸ் நகரத்துக்கு இரண்டு நாள் பயணமாகப் போக நினைப்பவரிடம் 'எப்போது புறப்படுகிறீர்கள்?' என்று விசாரிப்பது வீண் சிரமம்; ஏனெனில் அவருடைய யாத்திரை சில மாதங்களுக்கு முன்பே சாப்பாட்டு மேஜையின்மீது, தேசப்படமும் சிவப்புப் பென்சிலும் துணையாக ஆரம்பமாகி, பெரும்பகுதி முடிந்தும் போயிருக்கும். எந்தத் தேசத்தில் பிறந்தவராயினும் இந்த ஜாதி மனிதரின் லட்சணம் மாறுவதில்லை. கால் மணிக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்ட காகிதம் ஒன்று அவரிடம் இருக்கும். அதில் ஒரு கட்டமும் வெறுமையாக இராது. 'பிரமிப்பு: பத்து நிமிஷம்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கும். பார்தோ அருங்காட்சியகத்தில், கலைத்தேவியர் இருவர் பக்கத்தில் நிற்க, மகாகவி வர்ஜில் நடுநாயகமாக வீற்றிருக்கும் மொசைக் சித்திரத்தின் முன்னால் அவ்வளவு நேரம் மெய்மறந்து நிற்பதென்று உத்தேசம். அதற்கு மேல் மெய்மறந்தால் ரயில் தவறிவிடும்.

அவரை விஷயம் தெரியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. பார்தோவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதும், ஸைத்தூனா பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதார் பிரவேசிக்க முடியாது என்பதும், ஒரு தினாருக்கு 1,000 மில்லீம் என்பதும், அந்த நாணயத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது சட்டவிரோதம் என்பதும் அவருக்கு மனப்பாடம். ஆகையால் கடைசி மில்லீமும் விமான நிலையத்துக் காப்பியில் கரைந்துபோகும்படி வரவு செலவுத் திட்டம் வகுத்திருப்பார். எதையும் விசாரியாமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு விதியை நொந்துகொள்ளும் உல்லாசிகளைக் காட்டிலும் இவர் மேல் என்பதே என் அபிப்பிராயம்.

கார்த்தேஜ் விஷயத்தில்தான் அவருடைய தைரியம் நம்மைத் திகைக்க வைக்கிறது. அந்த நகரத்தை முற்றுகையிட்ட ரோமாபுரிச் சேனை, கி.மு. 149 முதல் 146 வரை பாடுபட்டுத்தான் அதன் கதையை முடித்தது; நம்மவரோ இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவதாக இருக்கிறார். துனிஸிலிருந்து லா மார்ஸாவுக்குப் போகும் ரயில் மார்க்கத்தில் கார்த்தேஜ் என்ற பெயரைத் தாங்கிய நிலையங்கள் ஆறு. வீரன் ஹன்னிபாலுக்கும் அவற்றில் ஒன்று உண்டு. இடிபாடுகள் ஓரிடத்தில் குவிந்து கிடவாமல், பங்களாக்களுக்கும் பூந்தோட்டங்களுக்கும் இடையே ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவர் சளைப்பதில்லை: பீர்ஸா குன்றில் ஏறி, கடலோரத்து அந்தோனியர் ஸ்நானகட்டத்தில் இறங்கி, வியர்வை வழிய அடுத்த ரயிலைப் பிடித்து, வெள்ளைச் சுவர்களும் நீலக் கதவுகளுமான ஸீதி பூ ஸயீதில் குறித்த நிமிஷத்துக்கு ஆஜராகிவிடுவார்.

அவரைத் தோற்கடிப்பது பழைய நகரமாகிய மெதினாதான். 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட அந்தச் சந்து பொந்துகளில் சுமார் 700 நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன; அவற்றில் பதினொன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வந்தவரை, செஷியா என்னும் சிவப்புத் தொப்பி செய்யும் கிழவர் ஒருவர், "உட்காருங்கள், சகோதரரே!" என்று அழைத்துவிடுகிறார். கம்பளி நூலைப் பெரிய பையைப்போலப் பின்னி, நனைத்துச் சுருங்க வைத்து, முட்செடியின் பூத்தலையால் வாரிச் சாயம் ஏற்றும் வித்தையை அவர் சாவகாசமாக விஸ்தரிக்கையில், பைன் பருப்பு மிதக்கும் புதினாத் தேநீரும் வந்து சேருகிறது. வாய் வைக்க முடியாத கொதிப்பு. விருந்தாளி மணிக்கட்டைப் பார்க்கிறார், தேநீரை ஊதுகிறார், மறுபடியும் மணிக்கட்டைப் பார்க்கிறார். கைக்கடிகாரத்தில் ஏதோ கோளாறு போலும் என்று இரங்கிய கிழவர், பழுது பார்ப்பவருடைய கடைக்கு வழி சொல்லி, துணைக்குத் தம் பேரனையும் அனுப்பிவைக்கிறார்.

ஊர் திரும்பிய பிறகு இவருடைய கீர்த்தி பரவுகிறது. துனிஸில் ஒரு வாரம் தங்கப் போவதாகச் சொல்லி யோசனை கேட்க வந்த பக்கத்து வீட்டுத் தம்பதியரை அவர் அனுதாபத்தோடு பார்த்தார்.

"ஒரு வாரமா? மற்ற ஐந்து நாளும் அங்கே என்ன செய்வதாக உத்தேசம்?"