சிலை போதுமே!

2024 மே 20 இரவு, துபாயிலிருந்து வந்த எமிரேட்ஸ் விமானம் மும்பை காட்கோபர் வானில் பூநாரைக் கூட்டத்தின் மீது மோதியது. 30-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து விழுந்தன. விமானம் பத்திரமாக இறங்கியது. குற்றவாளி யார்? பூநாரைதான், சந்தேகமென்ன! விமானத்துக்கு நேர அட்டவணை இருக்கிறது. இந்தப் பறவைக்கு ராத்திரி நேரத்தில் வெளியே என்ன வேலை?

அந்தக் கோடையில்தான், நவி மும்பை நெருலில் டி.பி.எஸ். ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டு, அங்கும் பூநாரைகள் செத்தன. கவலை வேண்டாம், நவி மும்பைக்குப் 'பூநாரை நகரம்' என்று பட்டம் உண்டு; சிலைகளும் உண்டு. சிலைக்குச் சேறு வேண்டாம், நீர் வேண்டாம், விமானத்துக்குக் குறுக்கே பறக்கவும் தெரியாது. அரசாங்கம் விரும்பும் பறவை அதுதான்.

பறவைக்குக் காது கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவின் வட கடலில் காற்றாலைக் கோபுரங்களில் மைக் கட்டி, இரவில் வலசை போகும் பறவைகளின் குரலையும், நம் காதுக்கு எட்டாத வௌவாலின் ஒலியையும் பதிவு செய்கிறார்கள். 2023 மே மாதம் ஓர் இரவு, பறவைகள் கடந்து போகட்டும் என்று நெதர்லாந்து இரண்டு கடல் காற்றாலைப் பண்ணைகளின் வேகத்தை நான்கு மணி நேரம் அடக்கி வைத்தது. பிழைக்கத் தெரியாத நாடு!

நாம் கெட்டிக்காரர்கள். நிலத்துக் காற்றாலைகளுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் முன் அனுமதியே வேண்டாம். இப்போது கடலிலும் இறங்குகிறோம். குஜராத், தமிழ்நாடு கடல்களில் தலா 500 மெகாவாட். அதற்கு 7,453 கோடி ரூபாய் ஆதரவுத் திட்டத்தை 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. காற்றாலை வேண்டும்தான், நிலக்கரிப் புகையைக் குடித்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் யார் குரலைக் கேட்டு அதை நடப்போகிறீர்கள்?

மும்பையில் செம்பூரை ஒட்டிய மாஹுலைப் பாருங்கள். குடிசைகளை இடித்து, மக்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே போகச் சொல்லி மக்களைக் கட்டாயப்படுத்த முடியாது, வாடகை கொடுங்கள் என்று 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மனிதன் இருமியபோதே கேட்காத காது, வௌவால் பேசினாலா கேட்கப்போகிறது?

இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் முதல் காற்றாலைக் கோபுரத்தை நடும் முன் மைக்கை நடுங்கள். வலசைக் காலம் முழுவதும் பதிவு செய்யுங்கள்; பதிவை அலமாரியில் பூட்டாமல் மக்கள் முன் வையுங்கள்; வலசை இரவுகளில் இறக்கைகளை நிறுத்துங்கள். செத்த பறவையை எண்ண நிபுணர் குழு வேண்டாம். காட்கோபரில் தெருக் கூட்டுகிறவரே எண்ணிவிடுவார்.