கதவுள்ள ஓர் அறை

தாசேக் கெலுகோரில் எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து பினாங்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர அன்று ஒரு முழு நாள் வேண்டும். சின்னம்மாவை அம்மாதான் கூட்டிப்போவார். பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து ஃபெர்ரி, தீவில் இறங்கி இன்னொரு பஸ். பாலம் 1985-இல்தான் வந்தது. அன்றைய கூலி போய்விடும். அதைவிடப் பெரிய கவலை, “எங்கக்கா, காலையிலேயே?” என்று லயத்தில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பது. “தங்கச்சிக்குக் கண்ணு காட்டப் போறோம்” என்பார் அம்மா. 1911-இலிருந்து மனநோய் மருத்துவமனை இருப்பதால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரே வசையாகிப்போயிருந்த காலம் அது. நாட்டிலேயே முதன்முதலாக ஒரு பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு 1958-இல் பினாங்கில் தொடங்கப்பட்டது. அதனால் சின்னம்மா மாலையில் வீடு திரும்ப முடிந்தது.

நான் மனநல ஆலோசகரானதற்கு அந்தப் பயணங்கள்தாம் காரணம். பல வருடம் நேரில்தான் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். ஓர் அம்மா கைப்பை வாரில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். பேச்சில் கணவர் வந்ததும் விரல் நின்றுபோனது. அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று அந்த விரல்தான் எனக்குச் சொன்னது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அறையைப் பூட்டிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முகமும் கழுத்தும் தெரியும், கை தெரியாது. ஆனால் அதுவரை வராதவர்களெல்லாம் வந்தார்கள்: ஷிப்ட் வேலைப் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரிகள், பஸ் எட்டாத கம்பத்தில் இருப்பவர்கள். யாருக்கும் பொய் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொளிவழிப் பேச்சுச் சிகிச்சை நேரில் தருவதற்கு ஏறக்குறைய ஈடாகப் பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் அனுபவமும் அதுவே. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1950-களின் இறுதியிலேயே இருவழித் தொலைக்காட்சியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

எனக்குள்ள கவலை வேறு. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி அதில் ஏறி உட்கார்ந்து, தொலைவிலிருக்கும் மனநல மருத்துவரிடம் திரைவழியே பேசலாம். அந்தப் பேருந்து தன்னோடு ஓர் அறையையும் கொண்டுபோனது. கைப்பேசி அப்படி எதையும் கொண்டுபோவதில்லை. மூன்று தலைமுறை வாழும் வீட்டில் பேசுவதற்கென்று ஒரு கதவு எங்கே இருக்கிறது?

ஒரு பெண், வாசலில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்துதான் பேசுவாள். கணவன் அடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று குரலை மாற்றி, “சரிக்கா, பிளவுஸ் அளவைப் பிறகு அனுப்புறேன்” என்றாள். கார்க் கண்ணாடியில் யாரோ தட்டும் சத்தம். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அறையாக இருந்திருந்தால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தியிருப்பேன்.

இப்போதெல்லாம் “பக்கத்தில் யார் இருக்காங்க?” என்றுதான் தொடங்குகிறேன். இருக்கும் இடத்தையும் அவசரத்துக்கு ஒரு சொந்தக்காரர் எண்ணையும் வாங்கிக்கொள்கிறேன். இயர்போன் போடச் சொல்லி, ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்கிறேன். மலேசியாவில் 2023 வரை தற்கொலைக்கு முயல்வதே தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. பூட்டிய அறையிலேயே சொல்ல நடுங்கிய ஒன்றை, வீடே காது கொடுத்திருக்கும்போது யார் சொல்வார்கள்? அதனால் முதல் சந்திப்பு முடிந்தவரை நேரில் நடக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருக்கிறவர்களுக்கு எப்போதும் நேரில்தான். மற்றவர்களுக்குத் திரை தாராளமாகப் போதும்.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ தம்பியோ கைப்பேசியோடு தனியாக உட்கார வேண்டும் என்று கேட்டால், ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள விடுங்கள். யாரிடம் பேசினாய் என்று பிறகு கேட்காதீர்கள். யாரிடம் பேசுவது என்றே தெரியாதவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருப்பதையும் சொல்லிவையுங்கள்.