மூணாவது பேரு

வாரும் மருமவனே, திண்ணையில இரியும். சாரல் உள்ள அடிக்குது, சுவரோட ஒட்டி உக்காரும். உம்ம அம்மை போன்ல சொன்னா. ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு மெடிக்கல் காலேஜ் வாத்தியாராப் போவப் போறீராம். எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்கிட்ட எம்.டி. படிச்சவரு யோசனை கேக்க வந்திருக்கீரு. படிச்சவன் புத்தியே தனிதான் வே.

நானும் சும்மா இருக்கல. பேத்தியை செல்போன்ல விதியெல்லாம் வாசிக்கச் சொல்லி, வெத்தலையைக் குதப்பிக்கிட்டே கேட்டுட்டேன். வெள்ளைக்காரன் காலத்துலேருந்து இருந்த மருத்துவ கவுன்சிலைக் கலைச்சுட்டு, 2020-ல தேசிய மருத்துவ ஆணையம்னு ஒண்ணை உக்கார வச்சாவ. அவுக 2022-ல போட்ட கணக்கு இது: எம்.டி. முடிச்சு ஒரு வருசம் சீனியர் ரெசிடெண்டா இருந்தா உதவிப் பேராசிரியரு ஆவலாம். அதுல நாலு வருசமும் ரெண்டு ஆராய்ச்சிக் கட்டுரையும் தேறினா இணைப் பேராசிரியரு. இன்னும் மூணு வருசம் போயி, கட்டுரை நாலு ஆயிட்டா பேராசிரியரு. நடுவுல ரெண்டு சின்னப் படிப்பு உண்டு. ஆராய்ச்சி பண்ணுதது எப்படின்னு ஒண்ணு, சொல்லிக்குடுக்கது எப்படின்னு ஒண்ணு. முதல் படிப்பை நம்ம சென்னையில இருக்க தேசிய தொற்றுநோயியல் நிறுவனமே இணையத்துல நடத்துதாம். கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டே படிச்சுரலாம்.

கணக்கு சுத்தம், ரேஷன் கடைத் தராசு மாதிரி. வருசத்தை எண்ணுதாவ, கட்டுரையை எண்ணுதாவ, இப்ப உம்ம மூஞ்சியையும் எண்ணுதாவ. எதுக்க உக்காந்த பயலுக்கு ஏதும் வெளங்குச்சான்னு எண்ணத்தான் இன்னும் மிசினு வரல போல.

கட்டுரைக்கு வாரேன். எழுதுனவங்க பட்டியல்ல முதல் மூணு பேருக்குள்ள உம்ம பேரு இருக்கணும். இல்லைன்னா பத்திரிகைக்காரனுக்குப் பதில் சொல்லுத ஆளா இருக்கணும். நாலாவது பேருக்காரன் எழுதாத ஆளுக்குச் சமானம். இந்தச் சங்கதி எனக்கு ஏற்கெனவே அத்துப்படி. உம்ம கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் என் பேரு ஏழாவதா வந்துச்சு, ஞாபகம் இருக்கா? மொய்யை மட்டும் எழுதிட்டு, பந்தியில உக்காராம, பிரானூர் பார்டர்ல போயி புரோட்டா தின்னுட்டு வந்தவன் நான். அதனால சொல்லுதேன், மூணு கூட்டாளியாச் சேந்து மொய் வையும். இந்தக் கட்டுரையில அவன் பேரு முன்னால, அடுத்ததுல உம்ம பேரு முன்னால. எழுதுதது யாருங்கீரா? அதுக்கு ஒரு ஜூனியர் பய இருப்பான். அவன் பேரை நாலாவதாப் போட்டாப் போதும்.

அப்புறம் ஆஜர். குத்தாலத்துக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனி, ஆடியில மெயின் அருவியும் ஐந்தருவியும் கொட்டும். கடைவீதியில மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிஞ்சு கெடக்கும். பங்குனியில வந்து பாத்தா பாறை மட்டும் பல்லிளிக்கும். சில காலேஜ்ல வாத்தியாருக்கும் இப்படிச் சீசன் உண்டு வே. ஆய்வுக் குழு வார அன்னைக்கு வராண்டா கொள்ளாம வாத்தியாருக கொட்டுவாக. மறுநாள் பாறைதான். அதுக்குத்தான் வேலை நாள்ல முக்காவாசிக்காவது வந்தே ஆவணும்னு விதி வச்சாவ, கைரேகை வச்சாவ. 2025 மே 1-லேருந்து செல்போன்ல மூஞ்சியைக் காட்டணும். எங்க நின்னு காட்டுதீருங்கதையும் அதுவே கண்டுபிடிச்சுருமாம். அதே வருசம் சிபிஐ போட்ட ஒரு வழக்குல, வராத வாத்தியாரை வந்ததாக் காட்ட போலி விரலே செஞ்சாவன்னு குற்றச்சாட்டு. விரல் செஞ்சவனுக்கு மூஞ்சி செய்ய எத்தனை நாளாவும்? நீரு கவலைப்படாதயும். உம்ம மூஞ்சியைச் செய்யுதது கொஞ்சம் கஷ்டம்தான், உங்க அப்பன் மூக்கு அப்படி.

சம்பளமா? அரசு டாக்டருக சம்பளத்தைப் பத்துன 354-ம் நம்பர் அரசாணை 2009-ல வந்தது. அதுபடி சம்பளம் குடுன்னுதான் 2019 அக்டோபர்ல உங்க ஆளுக ஸ்ட்ரைக் பண்ணுனாவ. அந்த நம்பரை எங்கிட்ட சொல்லாதயும், லாட்டரிச் சீட்டு ஞாபகம் வருது.

ஆனா வயசு விசயம் எனக்குப் புடிச்சிருக்கு. ஆஸ்லர்னு ஒரு பெரிய டாக்டரு கதை, நீருதான் போன பொங்கலுக்குச் சொன்னீரு. 1905-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸை விட்டுக் கெளம்பும்போது, அறுபது தாண்டுன மனுசனால பிரயோசனமில்லன்னு மேடையில வெளையாட்டாச் சொல்லிட்டாரு. பத்திரிகைக்காரன் பிடிபிடின்னு பிடிச்சுட்டான். அன்னைக்கு அவருக்கு 55. நேரே ஆக்ஸ்போர்டுக்குப் போயி, எழுபது வயசுல சாவுத வரைக்கும் அங்க பேராசிரியரா இருந்தாரு. நம்ம அரசாங்கமும் அதே ஆளுதான். அறுபதுல மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பும். காலேஜ் வாத்தியாரா எழுபது வரைக்கும் இருக்கலாம்னு ஆணையம் சொல்லும். அறுபதுல போட்ட மாலை வாடுமுன்ன தனியார் காலேஜ்ல ஒரு நாற்காலி காத்துக்கிட்டு இருக்கும்.

சரி, நீரு எங்க போவப் போறீரு? 2019-ல தென்காசியைத் தனி மாவட்டமாக்கி மேளம் அடிச்சாவ. 2022 ஜனவரியில ஒரே நாள்ல பதினோரு அரசு மெடிக்கல் காலேஜ் தெறந்தாவ. பக்கத்துல விருதுநகருக்குக் கெடச்சுது, நமக்கு அருவி இருக்குல்லான்னு விட்டுட்டாவ. இன்னைக்கும் நாம 1965-ல ஆரம்பிச்ச திருநெல்வேலி ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜுக்குத்தான் பஸ் ஏறணும்.

இங்கதான் பேத்தியை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். 2025-ல புது விதி வந்திருக்கு. 220 கட்டிலுக்கு மேல உள்ள அரசு ஆஸ்பத்திரி, காலேஜா இல்லாட்டியும், கத்துக்குடுக்க இடமா ஆவலாமாம். அப்படி இடத்துல பத்து வருசம் வேலை பாத்த ஸ்பெஷலிஸ்டை இணைப் பேராசிரியரா எடுத்துக்கிடலாமாம். ரெண்டு வருசம் பாத்தவரையே உதவிப் பேராசிரியரா எடுக்கலாம், அந்த இணையப் படிப்பை மட்டும் ரெண்டு வருசத்துக்குள்ள முடிச்சாப் போதும். உமக்கு எத்தனை வருசமாச்சு? ஒம்பது. அடுப்புல சோறு கொதிக்கும்போது இலையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து ஊரு பந்திக்கு ஓடுதீரே. நாளைக்கு டூட்டிக்குப் போனதும் கட்டிலை எண்ணிப் பாரும். குறைஞ்சா சொல்லும், இந்தக் கயித்துக் கட்டிலைக் குடுத்தனுப்புதேன்.

போன வாரம் உம்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன், நீரு பாக்கல. நர்சிங் படிக்க பிள்ளைக ரெண்டு பேரை வச்சுக்கிட்டு, ஒரு கெழவி காலை அமுக்கி, குழி எம்பாம நிக்குது பாருங்கன்னு அரைமணி நேரம் சொல்லிக்கிட்டு இருந்தீரு. டோக்கனோட வரிசையில நின்ன எனக்கே வெளங்கிட்டு, உப்பைக் குறைக்கணும்னு. அந்த அரைமணியை எழுத எந்தப் பாரத்துலயும் கட்டம் கெடையாது வே, பேத்தி தேடிப் பாத்துட்டா.

என் காலையும் கொஞ்சம் அமுக்கிப் பாரும். ஆங், குழி நிக்குதா? நல்லது. ஒத்தை நோயாளியைப் பத்தி எழுதுனா கணக்குல சேராதாம், கேஸ் சீரிஸா எழுதுனா சேருமாம். கெழவி ஒண்ணு, நான் ஒண்ணு, எதுத்த வீட்டு அண்ணாச்சிக்கும் சாயங்காலமானா வீங்குது, வரச் சொல்லுதேன். முதல் பேரு உம்மது. ரெண்டாவதா அந்தப் பிள்ளைக பேருல ஒண்ணைப் போடும். மூணாவது பேரு எனக்கு வேணும். அச்சுக்குக் குடுக்கும் முன்ன எங்கிட்ட ஒரு தடவை காட்டிரும், மருமவனே. போன தடவை மாதிரி ஏமாற மாட்டேன்.