மூணு விஷயம்

தலைமை மாநாட்டுக்குப் போய்வந்தவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்ற மறந்தவர் மாதிரியே வீடுவரை வருவார். எதைக் கேட்டாலும் வலதுகையின் மூன்று விரல் மேலே போகும். "மூணு விஷயம் சொல்றேன்."

எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஐ.டி.யில் பெரிய பதவி. 2023 மார்ச் தொடக்கத்தில் மும்பையில் ஐ.டி. கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் நடத்திய தலைமை மாநாட்டை முடித்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, 'வீட்டிலிருந்தே வேலை' என்று மலைமேல் எங்கள் காபித் தோட்டம் இருக்கும் வெள்ளக்கடைக்கு வந்து இறங்கினார். அந்த ஜனவரியில்தான் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்திருந்தன. அமேசான் கணக்கு 18,000.

பெரியப்பா நியாயமாகத்தான் கேட்டார். "ஏப்பா, உங்க தொழிலு படுத்துக்கிச்சுன்னு பேப்பர்ல போடறானே, நெசந்தானா?"

விரல்கள் எழுந்தன. "மூணு விஷயம் பெரியப்பா. ஒண்ணு, இது நெருக்கடி இல்ல, வாய்ப்பு. ரெண்டு, ஏ.ஐ. வருது, நாம வேகமா மாறணும். மூணு..." போன் அடித்தது. "டெல் மீ" என்றபடி டவர் தேடிக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்குள் நடந்துவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. இட்லியா தோசையா என்று அம்மா கேட்டால் மூணு விஷயம். இரண்டாவதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா தோசையை ஊற்றித் தட்டில் போட்டுவிடுவாள். பையன் பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன படிக்கலாம் என்று கேட்டதற்கு மூணு விஷயம். பையன் இரண்டைக் குறித்துக்கொண்டு, மூணுக்கு எதிரே இன்னும் வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறான். ஒருநாள் தோட்டத்துப் பாதையில் காட்டெருமை குறுக்கே நின்றது. அதற்கும் மூணு விஷயம் சொல்ல ஆரம்பித்தார். காட்டெருமை முதல் விஷயத்தோடு காட்டுக்குள் போய்விட்டது.

மார்ச் மாதம் இங்கே எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு மழை விழுந்தால் காபி பூக்கும். பூத்தபின் இன்னொன்று விழுந்தால் காய் பிடிக்கும். இவர் தோட்டத்து நடுவில் நின்று, "தண்ணிக்கு மூணு விஷயம் பண்ணலாம். டேட்டா, டிரோன்..." என்று இழுத்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "நமக்கு ரெண்டு மழை போதுங்க" என்றார்.

மார்ச் 10 அன்று அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தது. "அத்தனை பெரிய மனுசங்க கூடிப் பேசுனீங்களே, ஒருத்தருக்கும் இது தெரியலியாப்பா?" என்றார் பெரியப்பா. மூன்று விரலும் பாதி எழுந்து இறங்கிவிட்டன.

பெரியப்பாவுக்கு மந்தம் புதிதல்ல. 1989இல் உலகக் காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்து விலை சரிந்ததைப் பார்த்தவர். 2001 வாக்கில் வியட்நாம் காபி உலகச் சந்தையில் குவிந்து விலை பாதாளத்துக்குப் போனபோதும் இதே தோட்டத்தில்தான் இருந்தார். "நாங்க மாநாடு போடல. உரத்தக் கொறச்சோம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏத்துனோம்" என்பார். அவ்வளவுதான் அவருடைய உரை.

உறவுக்காரர் கெட்டவரில்லை. மாநாட்டில் கொடுத்த பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து ஆபீஸ் மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். அடுத்த பட்டியலில் தன் பெயர் வந்துவிடுமோ என்ற பயம். வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது, பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரே நேர்முகம் பார்த்து வேலைக்கு எடுத்த சேலத்துப் பையன் ஒருவனைப் பிப்ரவரியில் ஒரு வீடியோ அழைப்பில் அனுப்பிவிட்டார்கள். காரணம், செலவைக் குறைக்க வேண்டுமாம். அதற்கடுத்த மாதம் இவருடைய மாநாட்டுக் கட்டணம், விமானம், ஓட்டல் எல்லாவற்றுக்கும் அதே கம்பெனிதான் பணம் கட்டியது. அது செலவில் சேராது போலிருக்கிறது. பையனுடைய அப்பா எங்களிடம் வந்து, "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்று நின்றபோது இவர் சில்வர் ஓக் மரங்களுக்குள் இருந்தார். போன் அடிக்கவேயில்லை.

மூணாவது விஷயம் அவருக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வருவார். காபி கொடுங்கள், உட்கார வையுங்கள், வாய்ப்பு என்றால் தலையாட்டுங்கள். விரல் மேலே போனவுடன் மட்டும், மூணாவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.