கடற்படை விமானியின் தாடியும் விமானப்படை விமானியின் மீசையும்: கண்டிச்சீமையை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

இப்பொருளில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்று கேட்பது ஆய்வாளருக்கு அழகல்ல. முதலில் வரையறை. விமானி என்பவர் வானில் இருப்பவர். தரையிறங்கிய பிறகும் மனத்தால் அங்கேயே இருப்பவர். இரு படைகளின் விமானிகள் ஒரே மேசையில் அமரும்போது விளைவது 'பகை' எனப்படும் (காண்க: இதே பந்தி, இதே வரி).

2. களமும் காலமும்

1944 ஏப்ரல் நடுப்பகுதியில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் புதுதில்லியை விட்டுக் கண்டிக்கு அருகே பேராதனைப் பூங்காவுக்குக் குடிவந்தது. மகாவலிக் கரை மூங்கில்களோடு போட்டிபோட்டுக் கோப்புகளும் வளர்ந்தன. விமானங்களோ சீனக்குடாவிலும் இரத்மலானையிலும் புத்தளத்திலும் நின்றன. வேலை தூரத்திலும் மேசை பக்கத்திலும் இருந்தால் பகை செழிக்கும். இதற்குச் சான்று தேடுவோர், பூங்காவைத் தாண்டி மேலே பல்கலைக்கழகம் வரை நடந்தால் போதும்.

பகையின் மூலம் பழையது. 1918 ஏப்ரல் 1ஆம் திகதி பிரித்தானியா, தரைப்படையின் பறக்கும் பிரிவையும் கடற்படையின் பறக்கும் பிரிவையும் சேர்த்துத் தனி விமானப்படை அமைத்தது. முட்டாள்கள் தினத்தைத் தெரிவு செய்தது யார் என்பது தனி ஆய்வுக்குரியது. கப்பல் விமானங்கள் முழுமையாகக் கடற்படையின் கைக்குத் திரும்பியது 1939 மே மாதத்தில். 21 வருடம் இழுபட்ட காணி வழக்குக்குப் பிறகு அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசுவார்களா?

3. பகையின் வகைகள்

அ. நிறப் பகை: கடற்படைச் சீருடையின் கருநீலம் எதிர் விமானப்படைச் சீருடையின் சாம்பல்நீலம். இலங்கை வெயிலில் இரு தரப்பும் காக்கிக்கு இறங்கியதால் வலுவிழந்தது.

ஆ. தலைமயிர்ப் பகை: விமானப்படையினரை ஏனையோர், தலைக்குப் பூசும் கிரீமின் பெயரால், 'பிரில்க்ரீம் பையன்கள்' என்றார்கள். மேலும் சொல்ல வழுக்குகிறது.

இ. ஒரே படைக்குள் பகை: தலைமையகத் தளபதி மவுண்ட்பேட்டனும் கடற்படைக்காரர், கீழைக் கடற்படைத் தளபதி சமர்வில்லும் கடற்படைக்காரர். அதிகார எல்லை பற்றி இருவரும் முட்டிக்கொண்டார்கள். இது பகையல்ல, குடும்பம்.

ஈ. கப்பற் பகை: கடற்படை தன் தரைத்தளங்களுக்கும் கப்பற் பெயரே சூட்டும். புத்தளம் விமானத்தளம் ஏட்டில் 'இராஜாலிய' என்னும் போர்க்கப்பல். அந்தக் கப்பலில் கோர்செயர் விமானங்களை யானை கட்டி இழுத்தார்கள், படம் இருக்கிறது. யானை மாலுமியா, தரைப்படையா? (புத்தளம் யானை வழக்கு, பாகன் தரப்பு வாய்மொழி, யானைத் தரப்பு பதிவாகவில்லை.)

உ. முகமயிர்ப் பகை: இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை.

பிரித்தானியக் கடற்படை விதி 1869இல் வந்தது. தாடியும் மீசையும் சேர்த்து வளர்க்கலாம். அதற்கும் சவரத்தை நிறுத்த முன் அனுமதி வேண்டும். மீசை மட்டும் வைக்கவே கூடாது. விமானப்படையின் அன்றைய விதி நேர்மாறு: மீசை ஆகும், தாடி ஆகாது. ஆகவே ஒருவரின் அலங்காரம் மற்றவரின் குற்றம். தாடி இருந்தால் ஒட்சிசன் முகமூடி முகத்தில் இறுக ஒட்டாது என்பது விமானப்படைத் தரப்பு வாதம். கடற்படையின் தாடிக்கார விமானிகளும் முகமூடி மாட்டிக்கொண்டே அதே வானத்துக்கு ஏறினார்கள். கடற்படையின் தாடி ஈரமானது, ஆகவே நன்றாக ஒட்டும் என்பது எமது கருதுகோள் (சான்று: ஈரம்).

இனித் தேற்றம். 1942இல் மவுண்ட்பேட்டனுக்குக் கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றிலும் உயர் பதவி கிடைத்தது. அவர் மீசை மட்டும் வளர்த்தால் கடற்படையான் என்ற வகையில் குற்றவாளி. தாடியும் மீசையும் வளர்த்தால் ஏயார் மார்ஷல் என்ற வகையில் குற்றவாளி. தாடி மட்டும் வளர்த்தால் எல்லா வகையிலும் குற்றவாளி. எஞ்சுவது மழித்த முகம் ஒன்றே. கண்டிக் காலத்துப் படங்களைப் பாருங்கள்: மழித்த முகம்! தேற்றம் நிறுவப்பட்டது.

இதைக் கண்டி நகரின் சலூன்காரர் ஒருவரிடம் விளக்கினேன். கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "ரெண்டையும் எடுத்துட்டா ஒரு வம்பும் இல்ல சேர்" என்றார். மூன்று பந்தியில் நான் நிறுவியதை ஒரு வரியில் சொன்னதால் அவரை ஆய்வாளராக ஏற்க முடியவில்லை (சலூன் சுவர்ச் சுவடி, திருத்திய இரண்டாம் பதிப்பு, சுண்ணாம்பு அடித்தபின், நாட்காட்டி மறைத்த பகுதியும், நாட்காட்டி நடிகை மறைத்த நாட்காட்டியும், என் முகத்தில் நுரை இருந்தமையால், ஒப்புநோக்கப்படவில்லை).

பிற்சேர்க்கை: விமானப்படை தாடியை அனுமதித்தது 2019இல். முளைக்க 150 வருடம் எடுத்த தாடி வேறில்லை. தரைப்படை 2024 வரை பொறுத்திருந்தது.

4. கைச்சைகை

1944 ஏப்ரல் 19ஆம் திகதி, திருகோணமலையிலிருந்து சென்ற கப்பல்கள் சுமாத்திராவுக்கு அருகே சபாங்கைத் தாக்கின. பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரடோகா இரண்டும் விமானந்தாங்கிகள்; ஆனால் சைகைமொழி வேறு. கப்பலில் இறங்க வரும் விமானிக்குத் தளத்தில் நிற்பவர் இரு கைகளையும் உயர்த்தினால், அன்றைய அமெரிக்க வழக்கில் "நீ உயரத்தில் வருகிறாய்" என்று பொருள். அன்றைய பிரித்தானிய வழக்கில் "உயரப் போ" என்று பொருள். ஒன்று தகவல், மற்றது கட்டளை. மேற்பார்வையாளரின் தலையசைப்பை நம்பி ஏழு வருடம் பறந்த ஆய்வு மாணவர்களுக்கு இது விளங்கும்.

அன்று அமெரிக்கக் கடற்படை விமானி ஒருவர் சுடப்பட்டுக் கடலில் வீழ்ந்தார். கரைப்பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, பிரித்தானிய நீர்மூழ்கி டக்டீசியன் போய் அவரைத் தூக்கிவந்தது. எந்தக் கொடி, எந்தச் சைகை, என்ன மீசை என்று ஒருவரும் கேட்கவில்லை. விமானிகளின் பகை மேசையோடு சரி. தண்ணீர் வரை போகாது. ஆய்வாளர் பகையில் வீழ்ந்தவரைத் தூக்க ஒரு தோணியும் வந்ததாக வரலாறில்லை.

5. முடிபு

வானம் யாருடையது என்ற வினாவுக்கு, பேராதனைப் பூங்காவில் மரத்துக்கு மரம் நூற்றுக்கணக்கில் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவால்களே தகுந்த விடை. எந்தப் படையிலும் சேராமல், எந்த விதிக்கும் சவரம் செய்யாமல், மாலையானதும் அவை பறக்கின்றன. வாசகர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் போய் அண்ணாந்து பார்க்கலாம். பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் பயன்படக்கூடிய முடிபு இது ஒன்றுதான்.