ஏழாம் நாள் வைத்தியர்

சென்னிமலையில் தும்மல் என்பது தனிமனித விவகாரம் அல்ல. வீட்டுக்குள் ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் தறிச்சத்தம் நிற்கும். "ஏனுங், சளி புடிச்சிருச்சுங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். 'ஆமாங்க' என்றால் தொலைந்தீர்கள். 'இல்லீங்க' என்றாலும் தப்ப முடியாது. "தொண்டை கட்டிப்போய்க் கெடக்குது, இல்லீங்கறீங்களே" என்று நோயை உறுதிசெய்துவிட்டு, வேலியோரம் தூதுவளை பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் தெருமுனைப் பெட்டிக்கடை வரைக்கும் சேதி போய்விடும். கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்பதற்கு முன்னால், நாலு மிளகைக் கடித்து விழுங்கச் சொல்வார்.

மண்ணின் வாகு அப்படி. மலைக்கு மேலே பிண்ணாக்குச் சித்தர் குகை. மலைக்குக் கீழே வீட்டுக்கு ஒரு சித்தர். போதாதற்கு, கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்ற பெருமை வேறு. அந்தக் கவசத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தேவராய சுவாமிகள் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி முருகனிடம் ஒப்படைத்திருப்பார். இன்றைய காப்பீட்டுக் கம்பெனிகள் பல்லுக்குப் பணம் தர மாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. கவசத்தில் முப்பத்திரண்டு பல்லும் அடக்கம், பிடரியும் அடக்கம். பிரீமியம், மலைக்கோயிலுக்கு ஏறும் 1320 படி. அதையும் நடந்தே கட்டிவிடலாம்.

எங்கள் வீட்டில் சித்தர் ஒருவர் அல்ல, இருவர். அப்பாவைப் பெற்ற அப்பத்தா உள்ளூர், சுக்குக் கட்சி. அம்மாவைப் பெற்ற அம்மிச்சி காங்கயம் பக்கம், பால் கட்சி. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் இடித்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினால் எமனே திரும்பிப் போவான் என்பது அப்பத்தாவின் கொள்கை. பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டுப் பனங்கற்கண்டு சேர்த்தால் எமன் வரவே மாட்டான் என்பது அம்மிச்சியின் கொள்கை. அம்மிச்சி நோம்பிக்கு வந்திருக்கும் சமயத்தில் எனக்குச் சளி பிடித்தால் அடுப்படி சட்டசபை ஆகிவிடும்.

"இத்தனை சுக்குப் போட்டா பையனுக்கு நெஞ்செரியுமுங்க, சம்பந்தி."

"பாலைக் குடுத்தாச் சளி கட்டுமுங்க, சம்பந்தி. உங்கூருப் பாலு வேணும்னா கரைச்சுப்போடுமாட்ட இருக்குதுங்க."

மரியாதைக்கும் குறைவில்லை, குத்துக்கும் குறைவில்லை. கடைசியில் ஒருவர் மனதும் நோகக்கூடாது என்று அம்மா தீர்ப்புச் சொல்வார். அதாவது, இரண்டையும் நான் குடிக்க வேண்டும்.

குடிப்பதுகூடப் பரவாயில்லை. செய்முறையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளப் போனால்தான் வினை.

"எவ்வளவு போடோணும் அப்பத்தா?"

"ஒரு திரிகடி போடு கண்ணு."

மூன்று விரல் நுனியில் அள்ள வரும் பொடி ஒரு திரிகடி. யாருடைய விரல் என்பதுதான் கேள்வி. காலமெல்லாம் தார் சுற்றிக் காய்த்துப்போன அப்பத்தாவின் விரல்களில் வருகிற திரிகடிக்கு என் கையில் அரைப்பிடி வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். நாலு டம்ளர் ஒரு டம்ளராகச் சுண்ட வேண்டும் என்பார். எந்த டம்ளர் என்று கேட்டால், "நம்மூட்டு டம்ளருதான்" என்று பதில் வரும். நம் வீட்டில் டம்ளர் ஐந்தாறு அளவில் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

இனி, ஆவி பிடித்தல். வெளியூர்க்காரர்கள் சென்னிமலைப் போர்வையை வாங்கிப் போய்க் கட்டிலில் விரிக்கிறார்கள். அதன் உண்மையான உபயோகம் அவர்களுக்குத் தெரியாது. ஒரு போசி நிறையத் தண்ணீர், நாலு கை நொச்சித்தழை, கொஞ்சம் மஞ்சள்பொடி. தளதளவென்று கொதித்ததும் இறக்கி முன்னால் வைத்து, தலைவழியாகப் போர்வையைப் போடுவார்கள். நெருக்கி நெய்த கைத்தறிப் போர்வைக்குள்ளிருந்து ஆவி வெளியே போக வழியில்லை. ஆளும் போக வழியில்லை. போர்வையின் ஒரு முனை மேல் அப்பத்தா உட்கார்ந்திருப்பார். "நூறு எண்ற வரைக்கும் மூச்சை நல்லா இழு சாமி" என்று அவரே எண்ணத் தொடங்குவார். அறுபதை எட்டும்போது பால்காரர் வருவார். மாட்டுக்குச் சினை பிடித்ததா, பருத்திக்கொட்டை என்ன விலை என்றெல்லாம் விசாரித்து அனுப்பிவிட்டு, "எங்கிட்ட வுட்டேன்? செரி, ஒண்ணு" என்று மறுபடி ஆரம்பிப்பார். வெளியே வரும்போது மூக்கு திறந்திருக்கும். நெற்றியில் சிவப்பாக ஒரு கட்டமும் இருக்கும். நல்ல போர்வையெல்லாம் விற்பனைக்குப் போய்விடும். வைத்தியத்துக்கு வருவது சாயம் நிற்காத கழிவுப் போர்வைதானே.

கொதிக்கிற போசியைச் சின்னக் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கும்படி மட்டும் எந்தச் சித்தரும் சொன்னதில்லை. ஆவி பிடிக்கப் போய் வெந்து புண்ணாகி வருகிற பிள்ளைகள் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதல்ல.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. காயத்தில் மஞ்சள் வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு 1995ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமையே வாங்கிவிட்டது. இங்கே மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போய், பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அடுக்கிக் காட்டி, 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. அத்தனை காகிதம் எதற்கு? எங்கள் அப்பத்தாவை அனுப்பியிருந்தால் முதல் விசாரணையிலேயே முடிந்திருக்கும். நீதிபதிக்கே ஒரு பற்றுப் போட்டுவிட்டுத்தான் திரும்பியிருப்பார். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019ல்தான் வந்தது. அப்பத்தா அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருக்கவில்லை.

பால் கட்சிக்கும் ஆதாரம் உண்டு. மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் தனியாகப் போனால் உடம்பில் சரியாக ஒட்டுவதில்லை. மிளகின் பைப்பரின் கூடச் சேர்ந்தால் பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் சேர்கிறது என்று 1998ல் பெங்களூரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தச் செய்தியை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். "மொளகுனால வேலை செய்யுதுன்னுதானே எழுதியிருக்குது? பாலுன்னு எங்கியாச்சும் போட்டிருக்குதா?" என்று கேட்டார். போட்டிருக்கவில்லை.

ஆடாதோடை கதையும் இப்படித்தான். எங்கள் பக்கத்து வெள்ளாடு வேலி முள்ளைக்கூட விட்டு வைக்காது. ஆடாதோடையை மட்டும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆடே வேண்டாம் என்று ஒதுக்கியதை எங்களுக்குக் கசாயமாகக் கொடுத்தார்கள். அதில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவாக்கியதுதான் மருந்துக் கடை இருமல் சிரப்புகளில் உள்ள ப்ரோம்ஹெக்சின். வித்தியாசம் என்னவென்றால், சிரப்பில் சீமைப்பழ வாசனை வரும். பல்வலிக்குக் கிராம்பு வைப்பதும் வீண் அல்ல. கிராம்பின் யூஜினாலைத்தான் பல் டாக்டர்களும் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துக் குழியை அடைக்கிறார்கள். பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பிரியாணி ஞாபகம் வருவது அதனால்தான்.

ஆனால் சித்தர்களின் கை எல்லா இடத்துக்கும் எட்டாது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது ஊரறிந்த வைத்தியம். 1988ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லிக்குப் பலன் இருப்பதாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தானாக வடிகிற காமாலையும் உண்டு, ஈரலைத் தின்றுவிடுகிற காமாலையும் உண்டு. எது எது என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இருமலும் அப்படியே. இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசு சொல்கிற விதி. காசநோய்க்குச் சானடோரியமே வைத்திருந்த பெருந்துறை கூப்பிடு தூரத்தில் இருக்க, எங்கள் ஆட்கள் மூன்றாவது வாரமும் "இன்னும் ரெண்டு மொளகு சேத்திப் போடு" என்பார்கள்.

இத்தனை நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? எனக்கு ஒரு கணக்கு புலப்பட்டிருக்கிறது. ஜலதோஷம் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் தானாகவே மூட்டை கட்டிவிடும் வியாதி. முதல் நாள் மருந்து கொடுத்தவர் பாவம், அவர் மருந்து 'கேக்கலை'. மூன்றாம் நாள், மூக்கு அருவியாய்க் கொட்டும்போது கொடுத்தவர் அதைவிடப் பாவம். "அந்தக் கசாயத்தக் குடிச்சுத்தான் சாஸ்தியாப் போச்சு" என்று பழி வரும். ஆறாம் நாள் சாயங்காலம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சித்தப்பா, போகிற போக்கில் கற்பூரவல்லி இலை இரண்டைக் கையில் திணித்துவிட்டுப் போவார். மறுநாள் மூக்கு காய்ந்துவிடும். அன்று முதல் அவர் கைராசிக்காரர்.

மருந்தே சாப்பிடாதவர்களையும் ஒரு பக்கம் வைத்து ஒப்பிட்டால்தான் மருந்தின் பலன் தெரியும் என்கிறது அறிவியல். சென்னிமலையில் மருந்தே சாப்பிடாத சளிக்காரனை எங்கே போய்த் தேடுவது? 2020ல் பதினைந்து சரக்குச் சேர்ந்த கபசுரக் குடிநீரைத் தெருமுனையில் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தபோது, வரிசையில் நின்ற பாதிப் பேர் வீட்டில் ஏற்கெனவே வேறொரு கசாயத்தைக் குடித்துவிட்டு வந்தவர்கள்.

எனக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நானும் குரல் கொடுக்கிறேன். என் முதல் கேள்வி, "எத்தனை நாளாச்சுங்க?" ரெண்டு நாள் என்றால், சுடுதண்ணி குடிங்க என்று நழுவிவிடுவேன். ரெண்டு வாரம் என்றால், பேச்சே இல்லை, ஆஸ்பத்திரி. ஆறு நாள் என்றால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி யோசித்து, சுக்கில் ஒரு திரிகடி சொல்வேன். கைராசிக்காரர் என்று தெருவில் நல்ல பேர். பீஸ் வாங்குவதில்லை. ஆனால் புளி, தயிர், கத்தரிக்காய் ஆகாது என்று பத்தியம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். ஒருவேளை குணமாகாவிட்டால், 'நீங்க பத்தியம் தவறிட்டீங்க' என்று சொல்ல எனக்கும் ஒரு வழி வேண்டுமல்லவா?